வேட்டுக்காரருக்கு ஒரு வேட்டு

அப்பா மறுபடியும் ஆக்சிஜன் குழாயை மூக்கிலிருந்து இழுத்துப் போட்டார். அவள் அதை எடுத்துத் துடைத்து மாட்டினாள். அவர் இழுத்தார். அவள் மாட்டினாள். விடிந்ததிலிருந்து இருவருக்கும் இதே வேலை. யார் முதலில் சலிப்பது என்று பந்தயம் கட்டிக்கொண்ட மாதிரி இரண்டு பேரும் விடுவதாக இல்லை.

அவர் வலது காதருகே குனிந்து, கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று கத்தினாள். இடது காது எப்போதோ போய்விட்டது. வலது காதில் கத்தினால் பாதி விழும். கல்குவாரியில் வேட்டு வைக்கிற வேலை பார்த்தவர்களுக்குக் காது அப்படித்தான் ஆகும். நுரையீரலில் சேர்ந்த கல்தூள் மட்டும் ஓய்வுபெற்ற பிறகும் ஓயவில்லை. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் விளக்கவில்லை. வெளியூரில் வேலை பார்த்த அண்ணனுக்கு அவள் போன் செய்தாள். அவன் மறு பேச்சில்லாமல் கிளம்பி வந்துவிட்டான்.

காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவும் தெரியாது. அப்பா ரகசியம் சொன்னால் தெருமுனைக் கடைவரை கேட்கும். அதற்குப் பயந்தே குடும்ப விஷயம் எதையும் அவரிடம் சொன்னதில்லை என்பாள் அம்மா. அன்றும் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். ஏதோ பெரிய ரகசியம் என்பதுபோல ஒருமுறை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார். மூச்சுக்கே திணறிய அந்த நிலையிலும் குரல் சுவரைத் தாண்டியது.

"கோழிக்காரி... எனக்கு ஒரு வேட்டு வெக்கச் சொல்லு. குழியில."

கோழிக்காரி என்றால் அவள்தான். குழி என்றால் குவாரி. அதில் வேலை பார்த்தவர்கள் யாரும் அதைக் குவாரி என்று சொன்னதில்லை. குழிக்காரர்களில் யார் இறந்தாலும், அடக்கத்துக்கு முன் அங்கே அவருக்கென்று ஒரே ஒரு வேட்டு வைப்பார்கள். கல் உடைக்க அல்ல, வெறும் சத்தத்துக்காக. குவாரி ஓடிய காலமெல்லாம் எல்லாருக்கும் திரி பற்றவைத்தது அப்பாதான். குவாரியை மூடிய பிறகு இறந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லாமல் போனது. ஒவ்வொரு சாவுக்கும் போய்விட்டு வந்து அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். திருட்டுப்பயல் மாதிரி ஒருத்தன் சத்தமில்லாமல் போகிறானே என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைப்பார்.

இப்போது அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்ன சொல்வாள்? அந்தக் குழியின் கேட்டுச் சாவி அவள் இடுப்பில் இருந்தது.

அடியில் ஊற்று உடைத்துக்கொண்டு, பம்புகள் இறைப்பதைவிட வேகமாகத் தண்ணீர் ஏறியதால் கம்பெனிக்காரர்கள் குவாரியைக் கைவிட்டுப் போனார்கள். தூக்க முடிந்த இயந்திரங்களைத் தூக்கிக்கொண்டார்கள். கல் அரைக்கும் இயந்திரம் மட்டும் துருப்பிடித்து நின்றது. கொஞ்ச காலம் அது யாருக்கும் வேண்டாத இடமாகக் கிடந்தது. பிறகு விளிம்பில் நாணல் வந்தது, நாணலுக்குள் நீர்க்கோழி வந்தது. எங்கிருந்துதான் மீன் வந்ததோ, அதைத் தேடி நீர்க்காகங்கள் வந்து அரைவை இயந்திரத்தின் மேல் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றன. அப்பா துளைபோட்ட பாறைச்சுவர்களில் தேனீக்கள் குடியேறின. பாறை வெடிப்புகளில் யாரும் நடாத மரங்கள் முளைத்தன. ஒருநாள் வனத்துறையினர் வந்து சுற்றிலும் வேலி போட்டு, சரணாலயம் என்று பலகை வைத்து, காவலுக்கு ஆள் தேடினார்கள். அவள் விண்ணப்பித்தாள், வேலை கிடைத்தது. நான் உடைத்து வைத்த இடத்தில் என் மகள் கோழி மேய்க்கிறாள் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கேலி பாதி, பெருமை பாதி.

வடக்குச் சுவரின் நடுவில் ஒரு பாறைத் தட்டு உண்டு. அப்பா எப்போதோ வைத்த வேட்டு ஒன்று சரியாக உடைக்காமல் விட்டுப்போன இடம் அது. வேட்டுக்காரன் செய்த அலமாரி என்று குழியின் மேஸ்திரி கடைசிவரை அவரைச் சீண்டிக்கொண்டிருந்தார். இப்போது அந்த அலமாரியில் கொம்பன் ஆந்தை ஒரு ஜோடி வருஷா வருஷம் குஞ்சு பொரிக்கிறது. பஞ்சு உடம்பும் பெரிய கண்ணுமாக இந்த வருஷக் குஞ்சுகள் தட்டின் விளிம்புவரை நடக்கப் பழகியிருந்தன. பறக்க இன்னும் வரவில்லை. தட்டுக்கு நேர் கீழே ஆழமான தண்ணீர்.

போன வருஷம் வேலி தாண்டி வந்த சிலர் விளையாட்டுக்குப் பட்டாசைக் கொளுத்திக் குழிக்குள் எறிந்தார்கள். நான்கு பக்கமும் பாறை என்பதால் சின்னச் சத்தமும் அங்கே பெரிதாகித் திரும்பித் திரும்பி வரும். குஞ்சுகள் மிரண்டு விளிம்புக்கு ஓடி விழுந்தன. அவள் தண்ணீரில் இறங்கி அவற்றை எடுத்தாள். நனைந்த பிறகு அவற்றில் எடையே இல்லை. ஈரத் துணியோடு வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து அப்பா கேட்டது ஒரே கேள்வி. வெடிப்பதற்கு முன்னால் கூவினார்களா?

கூவவில்லை என்று அவள் தலையை ஆட்டியதும் அவருக்கு வந்த கோபம் அடங்க வெகு நேரமாயிற்று. குழியில் வேட்டு வைப்பதற்கு முன் மூன்று முறை கூவவேண்டும். ஒவ்வொரு கூவலுக்குப் பிறகும் நின்று காது கொடுக்கவேண்டும். உள்ளேயிருந்தோ வெளியேயிருந்தோ யாராவது 'ஆளிருக்கு' என்று குரல் கொடுத்தால் அத்தோடு வேட்டு நின்றுவிடும். சொன்னது முதலாளியா, தண்ணீர் சுமக்கிறவளா என்று பார்ப்பதில்லை. யார் இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பதும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற நேரத்தில் உயிர் போய்விடும் என்பார் அப்பா.

இதெல்லாம் அவள் மனதில் ஓடிய நேரத்துக்குள் அவர் பிடி தளர ஆரம்பித்திருந்தது. பதில் வேண்டும் என்று கண்ணாலேயே கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். சரி என்றுதான் ஆட்டினாள். அவர் முகம் அப்படியே இளகியது. கதவருகில் அண்ணன் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பிறகுதான் கவனித்தாள்.

மத்தியானத்துக்குப் பிறகு வெயில் ஜன்னலைத் தாண்டிக் கட்டில்வரை வந்தது. அவர் கண்ணில் படாமல் இருக்க எழுந்து திரையை இழுத்துவிட்டுத் திரும்பினாள். குழாய் மறுபடி விலகிக் கிடந்தது. எடுத்துத் துடைத்து மாட்டினாள். அவர் இழுக்கவில்லை. இழுப்பார் என்று கையைத் தயாராக வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அதற்குப் பிறகும் அவர் இழுக்கவில்லை. அவள் குழாயை மெதுவாக எடுத்துவிட்டாள். அது அழுத்தியிருந்த கன்னத்தில் இரண்டு பக்கமும் சிவந்த கோடு இருந்தது. அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா ஈரக்கையோடு வந்து அவள் தோளைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினாள்.

மறுநாள் காலை மேஸ்திரி வந்தார். அப்பாவைவிட மூத்தவர், குழியில் எல்லாருக்கும் மேலாளாக இருந்தவர். பின்னால் இன்னும் சில பழைய குழிக்காரர்கள். எல்லாரும் சலவைச் சட்டை போட்டிருந்தார்கள். எல்லாருக்கும் காது மந்தம், அதனால் துக்க வீட்டில் மெல்லப் பேச அவர்களுக்கு வரவில்லை. பாவி எனக்கு முன்னால் முந்திக்கொண்டானே என்று மேஸ்திரி அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னது தெருவுக்கே கேட்டது. அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தோளில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பையைத் தட்டிக் காட்டினார். வேறொரு குவாரியில் இருக்கிற தெரிந்தவரிடம் சொல்லி வாங்கி வந்திருக்கிறார். ஒரே ஒரு வெடிக்குச்சி, திரி, அவ்வளவுதான். கேட்டைத் திறந்துவிட்டால் போதும்.

அவள் முடியாது என்றாள். சட்டம் இருக்கிறது, தன் வேலை போய்விடும் என்றாள். அதைச் சொல்லும்போதே தனக்கு அது காரணம் இல்லை என்று தெரிந்தது. பிறகு குஞ்சுகளைப் பற்றிச் சொன்னாள். சாவு வீட்டுக் கூடத்தில், அப்பாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு, ஆந்தைக் குஞ்சுகள் இன்னும் பறக்கவில்லை என்று உரக்கக் கத்திச் சொல்லவேண்டியிருந்தது. மெதுவாகச் சொன்னால் அவர்களுக்குக் கேட்காது. வந்திருந்த பெண்கள் அவளை ஒருமாதிரி பார்த்தார்கள். அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

அண்ணன் அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனான். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களில் அவன் வந்து போனது கொஞ்சம்தான். அந்தக் குற்றத்தையெல்லாம் இந்த ஒரு வேட்டில் கழித்துவிட நினைக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால் அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை.

"நீ தலையாட்டினத நான் பாத்தேன்" என்றான்.

"ஆமா. ஆட்டினேன்."

"அப்புறம் என்ன?"

"பொய்யாதான்ணா ஆட்டினேன்."

அவன் ஓரடி பின்னால் போனான். அவளை அடித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். சாகிறவரிடம் பொய் சொல்லியிருக்கிறாயே என்று கடைசியில் கேட்டான். அதுவும் நீயா என்று கேட்டான். அந்த இரண்டாவது கேள்விதான் அவளுக்குச் சுருக்கென்றது. குழந்தையிலிருந்து அப்பா பின்னாலேயே சுற்றியது அவள்தான். அண்ணனுக்கு வேட்டுச் சத்தம் என்றால் பயம், அவள் அப்பாவின் மதியச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு குழி விளிம்புவரை ஓடுவாள்.

கூடத்துக்குத் திரும்பியபோது, அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த அம்மா மேஸ்திரியைப் பார்த்துக் கேட்டாள்.

"யாருக்குண்ணே வேட்டு? அவருக்குத்தான் காதே கேக்காதே."

மேஸ்திரி பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"கால்ல கேக்கும் தங்கச்சி. எங்களுக்கெல்லாம் கால்லதான் கேக்கும்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மகள் அப்பாவின் பாதங்களைப் பார்த்தாள். பித்தவெடிப்பும் காய்ப்புமாக, மற்ற எல்லா இடமும் இளைத்த பிறகும் அவை மட்டும் அப்படியே இருந்தன. தனக்கு இனிமேல் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று தோன்றியது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

அப்பாவை ஏற்றிய வண்டி குழியின் கேட்டுக்கு உள்ளே, விளிம்பை ஒட்டி நின்றது. பின்கதவைத் திறந்து வைத்தார்கள். அம்மா உள்ளேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வெயில் இன்னும் ஏறவில்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. நீர்க்கோழி ஒன்று நாணலிலிருந்து நாணலுக்கு அவசரமாகக் கடந்தது. மீன்கொத்தி சத்தம் போட்டது. குழிக்காரர்களில் பாதிப் பேர் மூடிய பிறகு இப்போதுதான் உள்ளே வருகிறார்கள். தாங்கள் வெட்டிய இடத்தில் இவ்வளவு பச்சையை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஆளாளுக்கு ஒரு திசையைக் காட்டி, பம்பு இருந்தது இங்கே, லாரி நின்றது அங்கே என்று சண்டை போடாத குறையாகப் பேசிக்கொண்டார்கள்.

மேஸ்திரி தெற்குப் பக்கம், வண்டியை விட்டு நன்றாகத் தள்ளி, பழைய துளை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கூட்டுக்கு எதிர்ப்பக்கம்தான், பயப்படாதே என்று அவளிடம் சொன்னார். எந்தப் பக்கம் வைத்தாலும் சத்தம் குழி முழுக்கச் சுற்றும் என்பது அவருக்கும் தெரியும். குச்சியை இறக்கி, களிமண்ணைச் சிறு சிறு உருண்டையாகப் பிடித்து அடைத்தார். திரியை நேராக நீவிவிட்டார். பெரிய வேலை நடக்கிற குழியில் எவ்வளவு கவனமாகச் செய்வாரோ அவ்வளவு கவனம். பிறகு வெளியே நின்ற எல்லாரையும் அரைவை இயந்திரத்துக்குப் பின்னால் போகச் சொன்னார்.

போனார்கள். அண்ணன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். மேஸ்திரி தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி, முதல் கூவலைக் கூவினார்.

"வேட்டேய்."

அவ்வளவு வயதான உடம்புக்குள் அப்படியொரு குரல் இருக்கும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். அது தண்ணீர்மேல் போய், வடக்குச் சுவரில் மோதி, திரும்பி வந்தது. நீர்க்காகங்கள் எழும்பின. மேஸ்திரி தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். தட்டில் தாய் ஆந்தை கண்ணைத் திறந்து இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியது.

அவள் அதைப் பார்க்கக்கூடாது என்றுதான் வந்திருந்தாள். பார்த்துவிட்டாள். தாய்க்குப் பின்னாலிருந்து ஒரு குஞ்சு விளிம்புக்கு நடந்து வந்து நின்றது. சிறகு என்று சொல்ல முடியாத அந்தப் பஞ்சுக் கைகளை விரித்து விரித்து மடக்கியது.

"வேட்டேய்."

இரண்டாவது. அவள் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். திறந்த கதவு வழியாக அப்பாவின் பாதங்கள் தெரிந்தன. மேலே போர்த்தியிருந்த துணியை அம்மாவே விலக்கியிருக்கவேண்டும். அந்தப் பாதங்களை வண்டியின் தரைத் தகட்டில் நன்றாகப் பதியும்படி அம்மா இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். மகள் அதற்குமேல் பார்க்காமல் குழிப் பக்கம் திரும்பினாள். வாயை மூடிக்கொண்டிரு என்று தனக்குத்தானே சொன்னாள். இன்னும் கொஞ்ச நேரம்தான். ஒரே ஒரு சத்தம். அவர் கேட்டது அது ஒன்றுதான். வேறு என்ன கேட்டார் அந்த மனிதர், இத்தனை வருஷத்தில்?

மேஸ்திரி மூச்சை இழுத்துக்கொண்டார்.

"வேட்டேய்."

மூன்றாவது குரல் திரும்பி வந்து, அடங்கியது. மேஸ்திரி காது கொடுத்தார். தீக்குச்சியைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்தார்.

"ஆளிருக்கு."

அது தன் குரல் என்று அவளுக்கு உடனே தெரியவில்லை. மேஸ்திரியின் கை நின்றது. அவருக்குக் கேட்டிருக்குமா என்று ஒரு கணம் சந்தேகம், இன்னொரு தடவை சொல்லத் தனக்குத் தெம்பு இருக்காது என்று பயம். ஆனால் அவருக்குக் கேட்டுவிட்டது. வாழ்நாளெல்லாம் அந்த ஒரு சொல்லுக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தவர்.

அண்ணன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். எங்கே ஆள், யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். நாம்தான் எல்லாரும் இங்கே நிற்கிறோமே என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. மேஸ்திரி எழுந்து நின்று அவனை நோக்கிக் கையை உயர்த்தினார்.

"அத கேக்கக் கூடாது தம்பி."

குனிந்து திரியை உருவினார். அடைத்த களிமண்ணை மரக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தார். வெடிக்குச்சியை வெளியே எடுத்து ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். அவள்மேல் ஒரு கோபமும் அவர் முகத்தில் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்பாவின் கடைசி ஆசையை, அவர் உடலின் முன்னாலேயே, அவர் தொழிலின் சொல்லாலேயே தடுத்திருக்கிறாள். இதற்கு யாராவது திட்டவேண்டாமா? அண்ணன் இயந்திரத்தின் துருப்பிடித்த காலில் நெற்றியை முட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தான். அப்பா இறந்ததிலிருந்து அவன் அழுவது இதுதான் முதல் தடவை. அவள் போய் அவன் முதுகில் கை வைத்தாள், அவன் தட்டிவிடவில்லை.

வண்டியில் அம்மா அப்பாவின் பாதங்களைத் துணியால் மூடினாள். கோபமா, நிம்மதியா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. எடுத்துப் போகலாமா, மயானத்தில் காத்திருக்கிறார்கள் என்று டிரைவர் வந்து கேட்டார்.

மேஸ்திரி பொறுங்கள் என்று சைகை காட்டினார். ஆள் இருக்கிறது என்று ஒருத்தர் சொல்லிவிட்ட பிறகு, அந்த ஆள் வெளியே வந்து சேர்ந்ததாகக் குரல் வராமல் குழியை விட்டு யாரும் நகரக்கூடாது. அவர் இதை டிரைவருக்கு விளக்கவில்லை, மற்ற குழிக்காரர்களுக்கு விளக்கவேண்டிய தேவை இல்லை. அவர்கள் ஒவ்வொருவராக அரைவை இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து வந்து, சலவை வேட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் விளிம்புக் கற்களில் உட்கார்ந்தார்கள். அப்பா வேட்டு வைத்து உடைத்த கற்கள். அவளும் உட்கார்ந்தாள்.

மேஸ்திரி விளிம்பில் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, குழியைப் பார்த்துக் கேட்டார்.

"வெளிய வந்தாச்சா?"

கேள்வி எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வந்தது. காது கேட்காத அந்தக் கிழவர்கள் எல்லாரும் உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் வளைத்து வைத்துக்கொண்டு, தண்ணீர்ப் பக்கமாகக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.